1934 கலிஃபோர்னியா: விவாதிக்கப்படாமலே தோற்ற ஒரு தேர்தல் திட்டம்

ஆளுநர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் தம் கொள்கைகளை எந்த அளவுக்கு விரித்துச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம், எனக்கு 1934ஆம் ஆண்டின் கலிஃபோர்னியத் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுத் தலைவர் நியமிக்கும் நம் ஆளுநரை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த வரலாறு புரியாது. முதலமைச்சர் பதவியை நினைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற அப்டன் சின்க்ளேர், எந்த வருமானத்துக்கு எத்தனை சதவீத வரி, எந்த வயதினருக்கு எத்தனை டாலர் ஓய்வூதியம் என்பதுவரை எழுதி, சிறு புத்தகமாக அச்சிட்டு விற்று, அதன் பிறகே வாக்குக் கேட்டார். அவர் தோற்றார். அவருடைய திட்டத்தில் எனக்கே பல ஐயங்கள் உண்டு என்பதால், தோல்வியை மட்டும் வைத்து நான் வருந்தவில்லை. அந்தத் திட்டத்தின் மெய்யான பலவீனங்கள் எதுவும் வாக்காளர் முன் ஒழுங்காக விவாதிக்கப்படாமலே அவர் தோற்கடிக்கப்பட்டார் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 57 லட்சம். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 1934இல், அந்த மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். வாங்குவதற்கு ஆளின்றி விலை சரிந்ததால் பழங்கள் தோட்டத்திலேயே அழுகின. விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக விளைச்சலை அழிக்கவும் செய்தார்கள். அதே மாநிலத்தின் நகரங்களில் மக்கள் உணவுக்கு வரிசையில் நின்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த காம்ப்டனில் 1932இல் வேலையிழந்தவர்கள் சிலர் பக்கத்துப் பண்ணைகளில் உழைத்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாகக் காய்கறிகளைப் பெற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்தச் சுயஉதவிக் கூட்டுறவு முறை விரைவில் பல ஊர்களுக்கும் பரவியது. சின்க்ளேரின் திட்டத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கூட்டுறவுகளை மறந்துவிடுகிறார்கள். அவர் முன்மொழிந்ததில் பெரும்பகுதி, வேலையிழந்தவர்கள் தாமாகவே செய்துகொண்டிருந்ததை அரசின் துணையோடு பெரிய அளவில் செய்வதுதான்.

சின்க்ளேர் தொழில்முறை அரசியல்வாதியாக இருந்தவர் அல்லர். சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1906இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் நிறைவேறியதில் அந்நாவலுக்குப் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவில் குடியேறிய பின், 1926லும் 1930லும் சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்கு நின்றார். 1930இல் அவருக்குக் கிடைத்தவை சுமார் 50,000 வாக்குகள். 1933 செப்டம்பரில் அவர் ஜனநாயகக் கட்சியில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். சோஷலிஸ்ட் தோழர்கள் இதைத் துரோகம் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்தபின் கலிஃபோர்னியாவில் ஒரு ஜனநாயகக் கட்சியினர்கூட ஆளுநராக வந்ததில்லை என்பதால், அவர் அதிகாரத்துக்குக் குறுக்குவழி தேடிப் போனார் என்றும் சொல்ல முடியாது.

கட்சி மாறிய கையோடு அவர் அந்தச் சிறு புத்தகத்தை எழுதினார். தாம் ஆளுநராகி, மாநிலத்தில் வறுமையை ஒழித்து முடித்துவிட்டதாகவும், எதிர்காலத்தில் நின்று திரும்பிப் பார்ப்பதாகவும் கற்பனை செய்து எழுதப்பட்ட கையேடு அது. 'கலிஃபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எபிக்' என்ற பெயரால் இயக்கம் அறியப்பட்டது. நூற்றுக்கணக்கான ஊர்களில் எபிக் மன்றங்கள் தோன்றின. தேனீ அவற்றின் சின்னமாயிற்று. திட்டத்தில் 12 அம்சங்கள் இருந்தன.

அவற்றுள் முதல் மூன்றும்தான் திட்டத்தின் உயிர். வரி கட்ட முடியாமல் ஏலத்துக்கு வரும் நிலங்களை அரசே எடுத்துக்கொண்டு, வேலையற்றோர் கூடி விவசாயம் செய்யும் குடியிருப்புகளை அமைக்க ஒரு நில ஆணையம். மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, அவற்றில் அன்றாடத் தேவைப் பொருட்களை வேலையற்றோரே செய்துகொள்ள ஓர் உற்பத்தி ஆணையம். இவ்விரண்டுக்கும் நிதி ஏற்பாடு செய்யவும், பணத்துக்குப் பதிலாக இந்த அமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் சீட்டுகளை வெளியிடவும் ஒரு பண ஆணையம். இலாபத்துக்காக விற்பதை விட்டு, உபயோகத்துக்காக உற்பத்தி செய்வது என்பதே இதன் அடிப்படை. சந்தையில் நடக்கும் வணிகத்தில் இது தலையிடாது என்று அவர் கருதினார். ஏற்கெனவே நிவாரணம் பெறுவோர் தமக்கு வேண்டிய ரொட்டியையும் சட்டையையும் காலணியையும் தாமே செய்துகொண்டால், அவர்களைக் காப்பாற்றும் சுமை வரி கட்டுபவரின் தலையிலிருந்து இறங்கும் என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தில் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். நிவாரணத்துக்குச் செலவழிக்கும் பணம் ஒவ்வொரு மாதமும் செலவழிந்து தீர்ந்துவிடும். நிலமும் இயந்திரமும் அடுத்த மாதமும் இருக்கும். ஆனால் அந்த நிலத்திலும் ஆலையிலும் விளைபவை எவருடைய விற்பனையையும் குறைக்காது என்ற அவருடைய நம்பிக்கை சரியல்ல. ஐந்து லட்சம் பேர் ரொட்டியைத் தாமே சுட்டுக்கொண்டால் எங்கோ ஒரு ரொட்டிக் கடைக்காரர் வாடிக்கையாளர்களை இழப்பார். நிவாரணப் பணத்தில் நடக்கும் அந்தச் சிறு வணிகமும் போய்விடும். சிறு வணிகர்கள் அவரைக் கண்டு அஞ்சியதற்கு இதுவே அடிப்படை. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லும்படி யாராவது அவரைத் தொடர்ந்து நெருக்கியிருந்தால் திட்டம் மேம்பட்டிருக்கும்.

வரிகளைப் பற்றிய அம்சங்கள் இதைவிடத் துல்லியமானவை. 1933இல் கலிஃபோர்னியா 2.5 சதவீத விற்பனை வரியைக் கொண்டுவந்திருந்தது. அதை முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்றார் சின்க்ளேர். அதற்கு ஈடாகப் பங்குப் பரிமாற்றத்தின் மீது வரி; ஆண்டுக்கு 5,000 டாலரில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 50,000 டாலர் வருமானத்தில் 30 சதவீதத்தை எட்டும் மாநில வருமான வரி; வாரிசுச் சொத்தின் மீது 50 சதவீதம் வரை செல்லும் வரி; தனியார் மின்சார, எரிவாயு நிறுவனங்கள் போன்ற பொதுச்சேவைக் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் கூடுதல் வரி. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கும், உரிமையாளரே உழும் பண்ணைக்கும், மதிப்பு 3,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் சொத்து வரி கிடையாது. பெருமந்தக் காலத் தொழிலாளி ஒருவரின் ஆண்டு வருமானத்தைப் போல 5,000 டாலர் பல மடங்கு என்பதை நினைத்தால், யாரிடமிருந்து சுமையை இறக்கி யார் மீது ஏற்ற விரும்பினார் என்பதில் எந்த மறைவும் இல்லை. யாரெல்லாம் தம்மை எதிர்ப்பார்கள் என்ற பட்டியலையும் அவரே அச்சடித்துக் கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு நடுவில், அதிகம் பேசப்படாத ஒன்பதாவது அம்சம் ஒன்று உண்டு. கட்டடம் எழுப்பாமல் போட்டு வைத்திருக்கும் மனைகளுக்கும், பயிரிடாமல் வைத்திருக்கும் விளைநிலங்களுக்கும் தனி வரி என்பது அது. விலை ஏறட்டும் என்று நிலத்தை முடக்கி வைப்பவர் அதை விற்கவோ பயன்படுத்தவோ வேண்டிய நிலைக்கு வருவார். வரி கட்டாமல் விட்டால் நிலம் ஏலத்துக்கு வந்து நில ஆணையத்தின் கைக்குப் போகும். முதல் அம்சத்துக்கு வேண்டிய நிலம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. 12 அம்சங்களையும் தனித்தனி வாக்குறுதிகளாகப் படிப்பவருக்கு இந்தப் பிணைப்பு தெரியாது.

ஓய்வூதியத்தில் அவர் கேட்டது எவ்வளவு பெரியது என்பதை அறிய, அப்போது நடைமுறையில் இருந்ததைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் 1929ஆம் ஆண்டு முதியோர் சட்டப்படி, 70 வயது நிறைந்து, மாநிலத்தில் 15 ஆண்டுகள் வாழ்ந்த ஏழை முதியவருக்கு அதிகபட்சமாக நாளொன்றுக்கு ஒரு டாலர் கிடைக்கும். சின்க்ளேர் இந்த வயதை 60 ஆகவும், குடியிருப்புக் காலத்தை மூன்று ஆண்டாகவும் குறைத்து, தொகையை மாதம் 50 டாலராக உயர்த்த முன்வந்தார். பார்வையற்றோருக்கும் உடல் இயலாதோருக்கும் அதே 50 டாலர். குழந்தைகளோடு தனித்து நிற்கும் கைம்பெண்களுக்கும் 50 டாலர், இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதலாக 25 டாலர். இதைப் படிக்கும்போது மனம் அவர் பக்கம் சாய்வதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால், விற்பனை வரியை நீக்கிய பிறகு, புதிய வரிகள் வசூலாகத் தொடங்கும் வரை இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடமிருந்து திருப்தியான விடை வரவில்லை.

இனி அதிகாரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் இதுவே மிகப் பெரியது. இந்த 12 அம்சங்களில் ஆளுநர் தம் கையெழுத்தால் மட்டும் நிறைவேற்றக்கூடியது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. 12 அம்சங்களுக்கு வெளியே அப்படி ஒன்றை அவர் உறுதியளித்திருந்தார். 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில், ஐயத்துக்குரிய சாட்சியங்களின் பேரில் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் டாம் மூனிக்கு மன்னிப்பு வழங்குவேன் என்பது அது. மற்ற அனைத்துக்கும் சட்டமன்றம் வேண்டும். சொத்து வரி விலக்குக்கு மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டும். சட்டமன்றத்தின் மேலவையான மாநில செனட்டில் மொத்தம் 40 இடங்கள். 1926இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு மாற்றத்தின்படி, எந்த மாவட்டத்துக்கும் ஓர் உறுப்பினருக்கு மேல் கிடையாது. மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துக்கும் ஒரே உறுப்பினர்தான். சின்க்ளேரின் பலமோ லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில்தான் குவிந்திருந்தது. அவர் பெரும் வெற்றி பெற்றிருந்தாலும், கிராமப்புறச் செனட் அவருடைய மசோதாக்களைக் கிடப்பில் போட்டிருக்கும். 1911 முதல் நடைமுறையில் உள்ள, மக்களே மனுவின் மூலம் சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி ஒன்று இருந்தது. அதற்கு நாளாகும், பசித்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும்.

சீட்டுகளைப் பற்றியும் இதே வகையான சிக்கல் உண்டு. மாநிலங்கள் நாணயம் அச்சடிப்பதையும் கடன்பத்திர நோட்டுகளைப் பணம்போல் புழக்கத்தில் விடுவதையும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு தடை செய்கிறது. பண ஆணையத்தின் சீட்டு அந்தத் தடைக்குள் வருமா வராதா என்று வழக்குத் தொடர எதிரிகள் ஆயத்தமாகவே இருந்திருப்பார்கள். வேறு மாநிலங்களின் வேலையற்றோர் கலிஃபோர்னியாவுக்குத் திரண்டு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. தாம் வென்றால் நாட்டின் வேலையற்றோரில் பாதிப் பேர் சரக்கு ரயிலேறி இங்கு வந்துவிடுவார்கள் என்னும் பொருள்படச் செய்தியாளர்களிடம் அவரே சொல்லிவிட்டார். எதிரிகள் அதைச் சாலையோரப் பலகைகளில் எழுதி வைத்தார்கள்.

கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்க ஆகஸ்ட் 28 அன்று நடந்த உள்தேர்தலில் சின்க்ளேர் சுமார் 4,36,000 வாக்குகளைப் பெற்றார். உட்ரோ வில்சன் காலத்தில் போர்ப் பிரசாரத்தை நடத்திய ஜார்ஜ் கிரீல் உட்பட மற்ற ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர்கள் அனைவரின் வாக்குகளையும் சேர்த்தாலும் அதை எட்டவில்லை. அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஃபிராங்க் மெரியம், துணை ஆளுநராக இருந்து, ஆளுநர் ஜேம்ஸ் ரால்ஃப் ஜூன் மாதம் இறந்ததால் அப்பதவிக்கு வந்தவர். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தேசியக் காவல் படையை அங்கே அனுப்பியதால் தொழிலாளர்கள் அவர் மீது கசப்போடு இருந்தார்கள்.

மெரியமின் கொள்கைகளில் ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். லாங் பீச் நகர மருத்துவர் பிரான்சிஸ் டவுன்செண்ட், 60 வயது கடந்து வேலையிலிருந்து விலகும் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் கொடுக்க வேண்டும், அவர்கள் அதை அந்த மாதத்துக்குள்ளேயே செலவழித்துவிட வேண்டும் என்று ஒரு திட்டத்தைப் பரப்பி வந்தார். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றின் மீதும் 2 சதவீத வரி போட்டு அதற்குப் பணம் திரட்டுவது அவருடைய எண்ணம். முதியோரிடையே அதற்கு இருந்த செல்வாக்கு மிகப் பெரியது. சின்க்ளேர் அதை ஏற்க மறுத்தார், மெரியம் ஆதரித்தார். 50 டாலர் ஓய்வூதியத்தை நடக்காத கனவு என்று சாடிய தரப்பின் வேட்பாளர் 200 டாலரை ஆதரிக்க முடிந்ததற்குக் காரணம் எளிது: அதற்கான செலவு வாஷிங்டனில் உள்ள மத்திய அரசுடையது, மாநில ஆளுநர் ஒரு சென்ட்டும் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரியோ ஏழையின் ஒவ்வொரு கொள்முதலிலும் பதுங்கியிருந்து அவரையே தாக்கும். வாக்கு போகும் என்று தெரிந்தும் மறுத்த சின்க்ளேரை இந்த இடத்தில் நான் மனமார மதிக்கிறேன்.

இந்த ஒப்பீட்டை வாக்காளர் முன் வைக்க வேண்டிய செய்தித்தாள்கள் வேறு வேலையில் ஈடுபட்டிருந்தன. கிளெம் விட்டேகர், லியோன் பாக்ஸ்டர் ஆகிய இருவரும் 1933இல் தொடங்கிய பிரசார நிறுவனம், தேர்தல் வேலையையே தொழிலாகச் செய்த முன்னோடிகளில் ஒன்று. அவர்கள் சின்க்ளேர் எழுதிய புத்தகக் குவியலை எடுத்துக்கொண்டு, மதம், திருமணம், குடும்பம் பற்றி மக்களைச் சினமூட்டக்கூடிய வரிகளைத் தேடித் துண்டுதுண்டாக வெட்டினார்கள். நாவலில் ஒரு பாத்திரம் பேசியது ஆசிரியரின் கொள்கை என்று அச்சானது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அத்தகைய மேற்கோள்களைக் கட்டம் கட்டி நாள்தோறும் வெளியிட்டது. எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் பல்லாண்டுகளில் எழுதியவற்றிலிருந்து எந்தக் குற்றச்சாட்டையும் உருவாக்கிவிட முடியும். சீட்டு சட்டப்படி செல்லுமா, செனட் வழிவிடுமா என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டங்களில் இடமிருக்கவில்லை.

ஹாலிவுட் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓய்ந்து கிடக்கும் படப்பிடிப்புத் தளங்களில் வேலையிழந்த கலைஞர்களைக் கொண்டு அரசே படம் எடுக்கலாம் என்று சின்க்ளேர் சொல்லியிருந்தார். நாங்கள் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று படநிறுவனங்கள் மிரட்டின. ஊழியர்களிடம் ஒரு நாள் ஊதியம் மெரியமின் தேர்தல் நிதிக்காகப் பிடிக்கப்பட்டது. எம்.ஜி.எம். படநிறுவனத்தின் தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் பொறுப்பில் செய்திப்படங்கள் தயாராகித் திரையரங்குகளில் ஓடின. அவற்றில் கண்ணியமான தோற்றமுடையோர் மெரியமை ஆதரித்துப் பேசினார்கள், பஞ்சைப் பராரிகள் சின்க்ளேரைப் புகழ்ந்தார்கள், நாடோடிகள் கூட்டம் கூட்டமாக மாநிலத்துக்குள் வந்து இறங்கினார்கள். செய்தி என்று நம்பி அதைப் பார்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்யென்று தெரிந்து தயாரித்தவர்களை மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் செப்டம்பர் 4 அன்று ஹைட் பார்க் இல்லத்தில் சின்க்ளேரைச் சந்தித்து நெடுநேரம் பேசினார். தம் கருத்தை ஆதரித்து அவர் வானொலியில் பேசுவார் என்ற நம்பிக்கையோடு சின்க்ளேர் திரும்பினார்; அந்தப் பேச்சு வரவேயில்லை. கட்சித் தலைவர்களோடு இணங்கிப் போவதற்காக மாநில மாநாட்டில் திட்டத்தின் வாசகங்களையும் மென்மையாக்கிக்கொண்டார். தீவிர ஆதரவாளர்களுக்கு அது மனச்சோர்வு தந்தது, எதிரிகளின் குரலோ தணியவில்லை.

நவம்பர் 6 அன்று மெரியம் சுமார் 11,39,000 வாக்குகளும் சின்க்ளேர் சுமார் 8,80,000 வாக்குகளும் பெற்றார்கள். இடைநிலைக் கொள்கையோடு நின்ற ரேமண்ட் ஹைட் சுமார் 3,00,000 வாக்குகளைப் பெற்றார். மெரியமுக்குப் பாதி வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. எபிக் ஆதரவோடு நின்ற இருபதுக்கும் மேற்பட்டோர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினத் தலைவர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் அவர்களில் ஒருவர்; பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். லாஸ் ஏஞ்சலிஸின் அந்த ஒரே செனட் இடத்துக்குக் கல்பர்ட் ஓல்சன் வந்தார்.

மறு ஆண்டே, 1935இல், மெரியம் தம் கட்சியின் பழமைவாதிகள் முகம் சுளிக்க, மாநில வருமான வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சின்க்ளேர் நீக்குவேன் என்ற விற்பனை வரியோ 3 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதற்குமான சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இவற்றை வைத்துத் தோற்றவரே வென்றார் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். வருமான வரி வந்தது கருவூலம் வற்றியதால். திட்டத்தின் மையமான உபயோகத்துக்கான உற்பத்தி, அரசின் கொள்கையாக ஒருநாளும் ஆகவில்லை.

அதற்கு ஒரு சோதனை பின்னர் நடக்கத்தான் செய்தது. 1938இல் ஓல்சன் ஆளுநராக வென்றார். நாற்பது ஆண்டுகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஜனநாயகக் கட்சியினர் அவர். 1939 ஜனவரியில், பதவியேற்ற சில நாட்களிலேயே டாம் மூனிக்கு மன்னிப்பு வழங்கினார். ஆளுநரின் கையெழுத்து மட்டும் போதுமான காரியம் அவ்வளவு விரைவாக முடிந்தது. வேலையற்றோரை நிவாரணத்திலிருந்து உற்பத்திக்குத் திருப்பும் எண்ணத்தோடு அவர் சட்டமன்றத்தை அணுகியபோது, அது வழிவிடவில்லை. நிவாரண நிதிக்கே ஆண்டுதோறும் போராட வேண்டியிருந்தது. 1934இல் சின்க்ளேரிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய செனட்டைப் பற்றிய கேள்விக்கு ஓல்சனிடமும் விடை இல்லை; 1942இல் அவர் குடியரசுக் கட்சியின் எர்ல் வாரனிடம் தோற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துக்குச் செனட்டில் ஒரே இடம் என்ற ஏற்பாடு, 1960களின் நடுப்பகுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித்தான் மாறியது.